பத்திரமும் மீனும்: நைஜர் கழிமுகமும் யூபிக் நாடும்

பீப்பாய்க் கணக்கில் தொடங்கிவிடுகிறேன். நைஜீரியா நாளொன்றுக்கு எடுக்கும் கச்சா எண்ணெய் சுமார் 15 லட்சம் பீப்பாய். மக்கள்தொகை 22 கோடிக்கு மேல். வகுத்தால் ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டரை பீப்பாய் வரும். அலாஸ்கா எடுப்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, நாளுக்கு நான்கு லட்சத்துச் சொச்சம்தான். ஆனால் அந்த மாநிலத்தில் இருப்பவர்கள் ஏழரை லட்சத்துக்கும் குறைவு. அங்கே ஆளுக்கு ஆண்டுக்கு இருநூறு பீப்பாய்.

"அலாஸ்காவில் எண்ணெய்ப் பணத்தை ஜனங்களுக்கே பிரித்துக் கொடுக்கிறார்கள், நைஜீரியாவில் தின்று தீர்க்கிறார்கள்" என்று யாராவது ஆரம்பித்தால் இந்தக் கணக்கைத்தான் எடுத்து வைப்பேன். ஒரு காசு திருட்டுப் போகாமல், எடுக்கும் செலவைக்கூடக் கழிக்காமல் பிரித்தாலும், பீப்பாய் 70 டாலர் விலையில் ஒரு நைஜீரியருக்கு ஆண்டுக்கு 175 டாலர் கிடைக்கும். திருட்டு நடக்கவில்லை என்று சொல்லவில்லை. 2008 வாக்கில் நைஜீரியாவின் உபரி எண்ணெய்ப் பணக் கணக்கில் ஏறக்குறைய 2,000 கோடி டாலர் இருந்தது. 2022-இல் அதில் மிஞ்சியது 5 லட்சம் டாலர்கூட இல்லை. எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கைச் சேமித்து வைக்கும் அலாஸ்காவின் நிரந்தர நிதியில் 8,000 கோடி டாலர் அளவுக்குச் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் திருட்டை மட்டும் வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது.

நாட்டையும் மாநிலத்தையும் ஒப்பிடுவதே பொருந்தாத வேலை. நான் ஒப்பிட நினைப்பது இரண்டு கழிமுகங்களை. ஒன்று நைஜர் ஆறு கடலில் சேரும் இடம்: இஜா, ஓகோனி, இட்செகிரி என்று பல சிறுபான்மை இனங்கள் வாழும் சதுப்பு நாடு. மற்றொன்று யூக்கான், குஸ்கோக்விம் என்ற இரண்டு ஆறுகள் பெரிங் கடலில் சேரும் மேற்கு அலாஸ்கா: யூபிக் என்ற பழங்குடி மக்களின் நாடு. அங்கே ஐம்பத்தாறு கிராமங்கள், எல்லாம் சேர்த்து இருபத்தைந்தாயிரம் பேருக்குச் சற்று மேல். பெத்தேல் என்பதுதான் பெரிய ஊர்; 1885-இல் மொரேவியன் மிஷனரிகள் விவிலியத்திலிருந்து எடுத்து வைத்த பெயர். ஊரின் மக்கள்தொகை ஆறாயிரத்துச் சொச்சம். வெளியூருக்குச் சாலை கிடையாது.

முதல் கழிமுகத்தை ஓரளவு நேரில் தெரியும். போர்ட் ஹார்கோர்ட்டுக்குப் பக்கத்தில் எலெமேயில் ஒரு ஆலையில் கருவிப் பராமரிப்பு வேலை பார்த்தேன். எலெமே ஓகோனி நிலம்தான். இரண்டாவதைப் பற்றி என்னை யோசிக்க வைத்தவன் என் தங்கை மகன். மருந்தாளுநராகப் பெத்தேலுக்கு வேலைக்குப் போனவன், முதல் குளிர்காலத்திலேயே போன் பண்ணி, "மாமா, இங்க ஆத்து மேலயே டாக்ஸி ஓடுது" என்றான். உறைந்த குஸ்கோக்விம் ஆறுதான் குளிர்காலத்தில் அவர்களுக்கு நெடுஞ்சாலை. பிறகு பேச்சு டீசல் விலைக்குப் போயிற்று, மீனுக்குப் போயிற்று. அவன் சொல்லச் சொல்ல, வேறு ஒரு வெப்பநிலையில் எலெமேயைக் கேட்பது போலவே இருந்தது.

நிலப் பத்திரத்திலிருந்துதான் இரண்டு ஊர்களும் பிரிகின்றன. ஓலோய்பிரி என்ற இஜா கிராமத்தில் 1956-இல் எண்ணெய் கிடைத்தது. நாடு விடுதலையானபோது எண்ணெய் வருமானத்தில் பாதி, அது எடுக்கப்படும் வட்டாரத்துக்கு என்று சட்டமே இருந்தது. பிறகு பயாஃப்ரா போர் என்ற உள்நாட்டுப் போர். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1969-இல், ராணுவ அரசு எண்ணெய் முழுவதும் மத்திய அரசின் சொத்து என்று ஆணையிட்டது. 1978-இல் இன்னொரு ஆணை, மாநிலத்தின் நிலம் அத்தனையையும் ஆளுநரின் கையில் ஒப்படைத்தது. தாத்தன் காலத்து மரவள்ளித் தோட்டத்தின் வழியாகக் குழாய் பதித்தால், உழவருக்குப் பயிருக்கான இழப்பீடு உண்டு. நிலத்துக்குக் கிடையாது, அடியில் இருப்பதைப் பற்றிப் பேச்சே கிடையாது. எண்ணெய் வட்டாரத்தின் பங்கும் ராணுவ ஆட்சிகளில் தேய்ந்து தேய்ந்து ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. 1999 அரசியலமைப்பு அதைக் குறைந்தது 13 விழுக்காடு என்று உயர்த்தியது. அந்த 13-ம் ஓகோனிக்கோ இஜாவுக்கோ போகவில்லை, மாநில அரசுக்குப் போகிறது. டெல்டா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஜேம்ஸ் இபோரி 2012-இல் லண்டன் நீதிமன்றத்தில் பதின்மூன்று ஆண்டு தண்டனை பெற்றார் என்பதிலிருந்து மீதியை ஊகித்துக்கொள்ளலாம்.

அலாஸ்காவில் கதை எதிர்த்திசையில் நடந்தது. அதற்கு அமெரிக்காவின் நல்ல மனசு காரணமல்ல. 1968-இல் வடகோடியில் புரூடோ விரிகுடாவில் பெரும் எண்ணெய் வயல் கிடைத்தது. அதைத் தெற்குத் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1,300 கிலோமீட்டர் குழாய் பதிக்க வேண்டும். ஆனால் அலாஸ்காவின் நிலம் யாருடையது என்பதே தீராத வழக்காக இருந்தது. பழங்குடிகள் உரிமை கோரியதால் உள்துறை அமைச்சர் ஸ்டூவர்ட் உடால் 1966 முதலே நிலக் கைமாற்றத்தை நிறுத்தி வைத்திருந்தார். வில்லங்கம் இருக்கும் நிலத்தில் குழாய் போட எந்த வங்கியும் கடன் தராது. ஆகவே எண்ணெய் நிறுவனங்களே வாஷிங்டனில் போய் நின்று, பழங்குடிகளின் கணக்கைத் தீர்த்துவிடுங்கள் என்று வற்புறுத்தின. 1971 டிசம்பர் 18 அன்று அதிபர் நிக்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். 4.4 கோடி ஏக்கர் நிலமும் 96.25 கோடி டாலரும் பழங்குடிகளுக்கு என்று முடிவாயிற்று.

யூபிக் நாட்டில் எண்ணெய் கிடையாது. எண்ணெய் வயலுக்கும் அவர்களுக்கும் இடையே பல நூறு மைல். இருந்தும் அந்தக் குழாயால் அவர்களுக்குப் பத்திரம் வந்தது. எண்ணெய்க்கு மேலேயே படுத்துறங்கிய ஓகோனிக்கு, எண்ணெயால் இருந்ததும் போயிற்று. இரண்டு ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு சட்டங்கள் இவை. ஒரு அரசுக்கு அந்த மக்களின் ஒப்புதல் தேவைப்பட்டது, மற்ற அரசுக்குத் தேவைப்படவில்லை. எனக்குத் தோன்றும் பெரிய வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் அந்த 1971 சட்டத்தை இன்னும் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும். நிலம் ஊர்ச் சபைகளுக்குக் கொடுக்கப்படவில்லை. அதற்கென்றே தொடங்கப்பட்ட வணிக நிறுவனங்களுக்குக் கொடுக்கப்பட்டது. யூபிக் வட்டாரத்துக்கு கலிஸ்டா என்ற நிறுவனம். சட்டம் வந்த நாளில் உயிரோடிருந்த, பதிவு செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் நூறு பங்கு. மறுநாள் பிறந்த குழந்தைக்கு எதுவும் இல்லை. பெற்றோர் இறந்தால் அவர்கள் பங்கு வந்து சேரலாம். அண்ணனுக்கு நூறு பங்கும் தம்பிக்குப் பூஜ்யமுமாக ஒரு தலைமுறைக்கு மேல் ஓடிற்று. 2015-இல்தான் கலிஸ்டாவின் பங்குதாரர்கள் வாக்களித்துப் பின்னால் பிறந்தவர்களையும் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். ஒரு நல்ல விதியும் உண்டு: எந்த வட்டார நிறுவனத்தின் நிலத்தில் கனிமமோ எண்ணெயோ கிடைத்தாலும், அந்த வருமானத்தில் 70 விழுக்காட்டை எல்லா வட்டார நிறுவனங்களும் பகிர வேண்டும். இல்லாதவருக்கும் கொஞ்சம் போய்ச் சேரட்டும் என்ற இந்த ஏற்பாட்டை நைஜீரியாவின் வருவாய்ப் பங்கீட்டுச் சண்டைகளில் யாராவது ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

இதற்கு மேல் நிரந்தர நிதியிலிருந்து வரும் ஆண்டுத் தொகை. இது பழங்குடிகளுக்கு மட்டுமானதல்ல. ஓராண்டு முழுக்க அலாஸ்காவில் வசித்த எவருக்கும், கைக்குழந்தை உட்பட. 1982-இல் முதல் காசோலை ஆயிரம் டாலர். 2022-இல் 3,284. 2024-இல் 1,702. 2025-இல் மறுபடியும் ஆயிரம். நாற்பத்து மூன்று ஆண்டு விலைவாசியை வைத்துப் பார்த்தால் முதல் காசோலையின் நிழல்தான். அலாஸ்காவின் பெருநகரமான ஆங்கரேஜில் நல்ல வேலையில் இருப்பவர்களுக்கு அது விடுமுறைச் செலவு. யூபிக் கிராமத்தில் ஆறு பேர் உள்ள வீட்டுக்கு அதுதான் படகு எஞ்சின், ஸ்னோமொபைல் உதிரிபாகம், குளிர்காலத்துக்கான எண்ணெய்.

ஓகோனியில் பணம் வேறு விதமாக வந்தது, அதுவும் ஒரு ஊருக்கு ஒரே ஒரு முறை. போடோ என்ற ஊரின் ஓடைகளில் 2008-இல் ஷெல் நிறுவனத்தின் குழாய் இரண்டு தடவை உடைந்தது. லண்டனில் வழக்கு நடந்து 2015-இல் 5.5 கோடி பவுண்டுக்குச் சமரசம் ஆயிற்று. பதினைந்தாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஆளுக்கு 2,200 பவுண்டு வாக்கில், மீதி ஊருக்குப் பொதுவாக. அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு அது பெருந்தொகை. ஆனால் ஆண்டுதோறும் வரும் சிறுதொகையை வைத்துக் குடும்பம் திட்டம் போடும். ஒரே தடவை வரும் பெருந்தொகை கல்யாணத்திலும் கடனிலும் பாதிக் கட்டிய சுவரிலும் போய்விடும். இதில் அந்த மக்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. நம்மூரில் சாலைக்கு நிலம் கொடுத்துக் காசு வாங்கியவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

மீனுக்கு வருகிறேன். என் கணக்கில் இதுதான் பெரிய விஷயம், ஆனால் பொருளாதார அட்டவணைகளில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

யூக்கான் ஆற்றின் முகத்தில் இருக்கும் குஸில்வாக் வட்டாரம் அமெரிக்காவின் மிக வறிய பகுதிகளின் பட்டியலில் ஆண்டுதோறும் இடம்பிடிக்கிறது. சம்பள வேலை என்று பார்த்தால் பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், ஊர்ச் சபை, விமானத் திடல் அவ்வளவுதான். ஆனால் மீன் வந்துகொண்டிருந்தவரை அங்கே யாரும் தங்களை ஏழை என்று நினைத்ததில்லை. கோடையில் குடும்பம் முழுக்க ஆற்றோரத்து மீன் முகாமுக்குப் போகும். கிங் சால்மன், சம் சால்மன் இரண்டையும் கீறிப் பந்தலில் தொங்கவிட்டுப் புகையில் உலர்த்தினால் குளிர்காலம் முழுவதற்கும் சாப்பாடு. கிழவிகளுக்கும் ஆளில்லாத வீடுகளுக்கும் பங்கு போகும். இது எந்த வருமான வரிக் கணக்கிலும் வராது.

2021-இல் யூக்கான் ஆற்றில் கிங், சம் இரண்டுமே போதிய அளவில் வரவில்லை. வயிற்றுக்குப் பிடிப்பதையும் சேர்த்துத் தடை செய்தார்கள். கிராமங்களுக்கு விமானத்தில் வேறு இடத்து மீன் வந்தது. 2024-இல் கனடாவும் அலாஸ்காவும் சேர்ந்து யூக்கானில் கிங் சால்மன் பிடிப்பதை ஏழு ஆண்டுக்கு நிறுத்திவிட்டன. கடல் சூடேறியது ஒரு காரணம். பெரிங் கடலில் பொல்லாக் மீனுக்கு இழுவலை போடும் பெரிய கப்பல்களின் மீதும் கோபம் இருக்கிறது. 2021-இல் மட்டும் அவற்றின் வலைகளில் தற்செயலாகச் சிக்கிய சம் சால்மன் ஐந்து லட்சத்துக்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை ஆசிய மீன்குஞ்சுப் பொரிப்பகங்களில் பிறந்து வளர்ந்தவை என்று மரபணுச் சோதனை சொல்கிறது, ஆனால் வெறும் பந்தலைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு அது சமாதானமாகாது. இன்னொரு முடிச்சும் உண்டு. 1992 முதல் அந்தப் பொல்லாக் பிடிப்பில் கரையோரக் கிராமங்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. அந்தப் பணத்தில் யூபிக் கிராமங்களின் அமைப்பே இழுவலைக் கப்பலுக்குச் சொந்தக்காரராக இருக்கிறது. படகு வாங்கவும் வேலை கொடுக்கவும் பணம் வரும் இடமும், மீன் போகும் இடமும் ஒன்றே.

1971 சட்டத்தின் நான்காவது பிரிவில் ஒரு வரி இருக்கிறது: பழங்குடிகளின் வேட்டை, மீன்பிடி உரிமைகள் இத்துடன் ரத்து. பத்திரம் கொடுத்த கையோடு மீனை எடுத்துக்கொண்டார்கள். 1980-இல் இன்னொரு சட்டம் கிராமப்புறத்தாருக்கு முன்னுரிமை என்று ஓரளவு ஒட்டுப்போட்டது. அந்த முன்னுரிமை எந்த நீரில் செல்லும், மீன்பிடிப்பை யார் அனுமதிப்பது என்பதில் மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் இன்னும் தகராறு. 2022-இல் குஸ்கோக்விம் ஆற்றை வைத்து வழக்கே நடந்தது.

போடோவில் மீனை யாரும் சட்டம் போட்டு எடுக்கவில்லை. அலையாத்திக் காடு செத்தது, அத்தோடு மீனும் போயிற்று. அந்த வேர்களுக்கிடையே சேற்றில் இறங்கிப் பெண்கள் பொறுக்கும் பெரிவிங்கிள் என்ற கடல் நத்தை, வேகவைத்த ஓட்டோடு குழம்பில் போடுவது, கழிமுகத்துச் சமையலின் அடிப்படை. வீட்டுப் பெண்களின் கைக்காசும் அதுதான். நான் இருந்த காலத்தில் சந்தையில் நன்றாக விற்றது கப்பலில் இறக்குமதியான உறைந்த கானாங்கெளுத்தி. கடலோரத்தில் நின்றுகொண்டு உறைந்த மீன் வாங்குவது எனக்கு விசித்திரமாக இருந்தது, அங்கிருந்தவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2011-இல் ஓகோனி பற்றி அறிக்கை வெளியிட்டது. நிசிசியோகென் ஓகாலே என்ற ஊரின் கிணற்றில் பென்சீன், உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவைப் போல் 900 மடங்கு. முழுதாகச் சுத்தம் செய்ய 25 முதல் 30 ஆண்டு பிடிக்கும் என்றார்கள். வேலை தொடங்குவதாக விழா எடுக்கவே 2016 ஆயிற்று.

தண்ணீர், விளக்கு இரண்டிலும் அதிர்ச்சியான ஒற்றுமை. போர்ட் ஹார்கோர்ட்டில் கரண்ட் வந்தால் தெருவே "அப் நேப்பா!" என்று கூவும், மின்வாரியத்தின் பெயர் எப்போதோ மாறிவிட்டது, கூவல் மாறவில்லை. மீதி நேரம் வாசலில் சின்ன ஜெனரேட்டர். 2023 மே மாதம் புதிய அதிபர் மானியத்தை எடுத்ததும் பெட்ரோல் லிட்டர் 200 நைராவுக்குக் கீழே இருந்தது ஒரே மூச்சில் 500-ஐத் தாண்டியது. குடிக்கத் தண்ணீர், ப்யூர் வாட்டர் என்று விற்கும் பிளாஸ்டிக் பொட்டலம். யூபிக் கிராமத்துக்கும் மின்சாரம் டீசல் ஜெனரேட்டரில்தான். கோடையில் படகில் வரும் எண்ணெயை வைத்துத்தான் வருஷம் ஓட வேண்டும். கேலன் ஏழு டாலருக்கு மேல் என்பது சகஜம். கட்டணத்தைக் குறைக்க மாநிலம் 1980-களிலிருந்து மானியம் தருகிறது, அந்த மானியம் இன்றும் நிற்கிறது. குழாய்த் தண்ணீர் இல்லாத கிராமங்கள் அலாஸ்காவில் முப்பதுக்கு மேல். அங்கெல்லாம் கழிப்பறை என்பது ஒரு வாளி. "அமெரிக்காதானே மாமா இது?" என்று கேட்டான் மருமகன். பதில் சொல்லத் தெரியாமல், டாக்ஸி எவ்வளவு கேட்கிறான் என்று விசாரித்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஆண்டுகூட ஒத்துப்போகிறது. ஈமோனாக் என்ற யூபிக் கிராமத்தின் மோலி ஹூட்ச் என்ற மாணவியின் பெயரால் அறியப்பட்ட வழக்கு 1976-இல் முடிந்தது. அதுவரை உயர்நிலைப் படிப்புக்குப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கான மைல் தள்ளி விடுதிக்கு அனுப்புவார்கள். இனி 126 கிராமங்களில், ஊரார் வேண்டாம் என்றால் ஒழிய, உயர்நிலைப் பள்ளி கட்ட வேண்டும் என்று மாநிலம் ஒப்புக்கொண்டது. கட்டியது எண்ணெய்ப் பணம். அதே 1976 செப்டம்பரில் நைஜீரியா நாடு முழுக்க இலவச ஆரம்பக் கல்வி என்று அறிவித்தது, அதுவும் எண்ணெயை நம்பித்தான். இன்று நைஜீரியாவில் பள்ளிக்குப் போகாத சிறுவர்கள் ஒரு கோடிக்கு மேல். அலாஸ்காவின் கட்டடங்கள் ஒழுகினாலும் நிற்கின்றன.

இங்கே ஒப்பீடு உடைகிறது, அதை மழுப்பக் கூடாது. நைஜீரியாவில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கு மேல் ஐந்து வயதைத் தாண்டுவதில்லை. யூபிக் கிராமத்தில் பயிற்சி பெற்ற ஊர்க்காரர் ஒருவராவது மருத்துவ நிலையத்தில் இருப்பார், மோசமானால் விமானம் வந்து பெத்தேலுக்கோ ஆங்கரேஜுக்கோ தூக்கிக்கொண்டு போகும், செலவு பெரும்பாலும் அரசினுடையது. எலெமேயில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு முதலில் முன்பணம் கட்ட வேண்டும். இரண்டும் வறுமைதான் என்று ஒரே சொல்லில் அடக்குவது நேர்மையாகாது. அதே நேரம், யூபிக் இளைஞர்கள் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம் அமெரிக்காவிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. வருமானமும் மருத்துவமும் கூடியிருந்தும் அது குறையவில்லை. போர்ட் ஹார்கோர்ட்டில் நான் பார்த்த இளைஞர்களிடம் கோபம் இருந்தது, பசி இருந்தது. பக்கத்திலேயே ஒரு பெருநகரமும் பத்துப் பேரும் இருந்தார்கள். இருநூறு பேர் உள்ள கிராமத்தில் பனிக்காலத்தில் அது வேறு.

நீர் ஏறி வருவது இரண்டு பக்கமும் ஒன்றுதான். நியூடோக் கிராமம் உறைநிலம் உருகி ஆற்றுக்குள் போனதால் ஊரே மெர்தார்விக் என்ற புது இடத்துக்கு மாற வேண்டியதாயிற்று, கடைசிக் குடும்பங்கள் போனது 2024-இல். 2025 அக்டோபரில் ஹாலோங் புயலின் மிச்சம் கிப்னுக், குவிகில்லிங்கோக் கிராமங்களின் வீடுகளை மிதக்கவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விமானத்தில் ஏற்றி அழைத்துப்போனார்கள். கிப்னுக்கின் கரையைக் காக்க ஒதுக்கிய 2 கோடி டாலரை மத்திய அரசு அதே ஆண்டு மே மாதம்தான் ரத்து செய்திருந்தது. நைஜீரியாவின் ஓண்டோ கரையில் ஆயேதோரோ என்ற ஊரும் தெருத்தெருவாகக் கடலுக்குள் போகிறது. அங்கே விமானம் எதுவும் வரவில்லை.

இவ்வளவு நேரம் பத்திரம்தான் எல்லாம் என்பது போல எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அதைக் குலைக்கும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது.

1990-இல் ஓகோனி மக்கள் உரிமைச் சாசனம் ஒன்றை வெளியிட்டார்கள். 1993 ஜனவரி 4 அன்று சுமார் மூன்று லட்சம் பேர் ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டே ஷெல் ஓகோனியில் எண்ணெய் எடுப்பதை நிறுத்தியது. 1995 நவம்பர் 10 அன்று ராணுவ ஆட்சியாளர் அபாச்சாவின் அரசு, இந்தப் போராட்டத்தின் தலைவரான எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் இன்னும் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது. அவர்களுக்கு 2025 ஜூனில் மன்னிப்பு வழங்கினார் அதிபர் டினுபு. செய்யாத குற்றத்துக்கு எதற்கு மன்னிப்பு என்று ஓகோனியில் கேட்டார்கள். மீண்டும் எண்ணெய் எடுக்கும் பேச்சும் அதே ஆண்டு நடந்தது. சட்டப்படி அவர்களின் சம்மதம் யாருக்கும் தேவையில்லை. ஆனால் முப்பது ஆண்டுக்கும் மேலாக அவர்கள் சம்மதம் இல்லாமல் ஓகோனி வயல்களில் ஒரு பீப்பாய் எண்ணெய்கூட முறையாக எடுக்க முடியவில்லை.

சாரோ-விவாவைத் தூக்கிலிட்ட அதே 1995-இல், குஸ்கோக்விம் ஆற்றின் நடுப்பகுதியில் டான்லின் என்ற இடத்தில் தங்கம் எடுக்க ஒரு சுரங்க நிறுவனத்துக்குக் குத்தகை கொடுத்தது கலிஸ்டா. உலகின் மிகப் பெரிய திறந்தவெளித் தங்கச் சுரங்கங்களில் ஒன்றாக அமையக்கூடிய திட்டம் அது. அடிநிலத்தின் பத்திரம் கலிஸ்டாவின் பெயரில் இருக்கிறது, குத்தகையும் செல்லும். ஆற்றில் போகப்போகும் சரக்குப் படகுகளையும் கழிவுத் தேக்கத்தின் அணையையும் நினைத்து, கீழே இருக்கும் கிராமங்களின் ஊர்ச் சபைகள் பல எதிர்த்துத் தீர்மானம் போட்டிருக்கின்றன. ஆனால் 1971 சட்டம் நிலத்தை ஊர்ச் சபைக்குக் கொடுக்கவில்லை, நிறுவனத்துக்குத்தான் கொடுத்தது. ஆகவே அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அணை பெரிதாக உடைந்தால் என்ன ஆகும் என்பதை அரசின் ஆய்வு சரியாகப் பார்க்கவில்லை என்று 2024 செப்டம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். வழக்குத் தொடுத்தவர்களில் பெத்தேலின் பழங்குடிச் சபையும் ஒன்று. அதன் உறுப்பினர்களில் கணிசமானோர் கலிஸ்டாவின் பங்குதாரர்கள். சுரங்கம் திறந்தால் ஈவுத்தொகை அவர்கள் பெயருக்கும் வரும்.